பதினோராவது குப்பம்

எடுக்க மாட்டேன். செந்தாமரை வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. வாய்க்குள் சொல்லும்போது யாருக்குத்தான் நன்றாக இருக்காது, எதிரே ஆள் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே 'என்னம்மா சொல்றீங்க' என்று கேட்கும்போதல்லவா தெரியும் சங்கதி. கம்பெனி வேன் கந்தன்சாவடியைத் தாண்டுவதற்குள் பாதி ஆயுசு போய்விடும்போல இருந்தது. மெட்ரோ வேலைக்கென்று நடுரோட்டில் தகரத்தை நட்டு, மூன்று வண்டி போகிற இடத்தில் ஒன்றரை வண்டிக்கு வழி விட்டிருந்தார்கள். மடியில் டிபன் பாக்ஸ், தக்காளி சாதத்து எண்ணெய் மூடியோரம் கசிந்து துப்பட்டாவில் இறங்கிக்கொண்டிருந்தது, இறங்கட்டும். கையில் போன். போனில், குளித்துவிட்டு வந்ததும் பார்த்த அந்த மெசேஜ். 'ஆபீஸ் வந்ததும் முதல் வேலையா அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துடுங்க. பன்னண்டு மணிக்குள்ள. மத்ததைப் பேசிக்கலாம்.' அனுப்பியவர் பத்மநாபன் சார், அவளுடைய மேலதிகாரி. பேசிக்கலாம் என்று அவர் எழுதினால் பேச ஒன்றும் பாக்கியில்லை என்று அர்த்தம், இத்தனை வருஷம் அந்த டீமில் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா. அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். யார் எழுதிய கம்ப்யூட்டர் நிரலையும் யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். சொன்னால் சொன்னவர் பெயர் அங்கேயே நின்றுவிடும், நாளைக்கு எவனாவது தோண்டிக் கேட்பான். அதனால் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்று ஆரம்பித்து, எழுதினவரையே திரும்ப எடுக்க வைத்துவிடுவார்கள். பிறகு எவ்வளவு தேடினாலும் யாரும் தடுத்ததாகவே தெரியாது. அவளாகக் கொண்டுவந்தாள், அவளாகக் கொண்டுபோனாள். இரண்டு பேர் சரி என்று சொல்லி, ஒருத்தரும் வேண்டாமென்று சொல்லாமல், குறித்த நேரம்வரை நின்றுவிட்டால் மாற்றம் தானாக உள்ளே போய்விடும், அதுதான் எழுதிவைத்த விதி. ஜோஸ்பின் சரி சொல்லிவிட்டாள், இதோ பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளே, அவள்தான். ஐதராபாத்தில் இருக்கிற ஒருத்தரும் சொல்லிவிட்டார். ஆக இன்றைக்குச் செந்தாமரை செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு மணிவரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். சும்மா இருப்பதற்கு இவ்வளவு தெம்பு வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. வேன் ஒரு அடி நகர்ந்து மறுபடி நின்றது.

மாற்றம், மாற்றம் என்கிறார்களே, என்ன பெரிய மாற்றம். ஒரு எண்ணை நீக்கியிருக்கிறாள். பத்து. அவ்வளவுதான். கடற்கரையோரம் கோபுரத்துக்குக் கோபுரம் இவர்கள் கம்பெனிப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. புயல் வருகிறது, அலை இவ்வளவு உயரம் எழும், படகை மேலே ஏற்று என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து குரல் கிளம்பினால், எந்தக் குப்பத்து ஸ்பீக்கருக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பார்த்துத் திருப்பிவிடுவது அந்தப் பெட்டி. குப்பத்துக்குக் குப்பம் தனிக் குரல், ஏனென்றால் துறைக்குத் துறை அலை வேறு. ஒவ்வொரு அறிவிப்பிலும் முதல் தடவை ஒரு குரல் வரும்போது பெட்டிக்கு வழி தெரியாது. வழி தெரிந்த நிரல் ஒன்று உள்ளே தனியாக இருக்கிறது, அதைக் கேட்கவேண்டும். பதில் வருகிறவரைக்கும் குரல் வரிசையில் காத்திருக்கும். அந்த வரிசைக்குத்தான் எவனோ ஒரு மகராசன், இவள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பத்து போதும் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். வெளியே செட்டிங்கில் மாற்றுகிற மாதிரிகூட இல்லை, நிரலுக்குள்ளேயே ஆணி அடித்த மாதிரி பத்து. பதினோராவதாக ஒரு குரல் வந்தால் பெட்டி அதைக் கீழே போட்டுவிடும். போட்டேன் என்று எங்கேயும் எழுதி வைக்காது. கன்ட்ரோல் ரூமில் பார்த்தால் 'அனுப்பியாச்சு' என்று பச்சையாக இருக்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இங்கிலீஷில் ஒரு குறிப்பு வேறு: இப்போதைக்கு இது போதும். இப்போதைக்காம். அவனுடைய இப்போது இன்னும் முடியவில்லை. நாற்பத்தோரு குப்பத்துக் குரலும் ஒரே நேரத்தில் ஒரு பெட்டிக்கு வந்தால் முதலில் வந்த பத்து வரிசையில் நிற்கும், மிச்சமெல்லாம் தரையில். அரை நிமிஷ அறிவிப்பு, வரிசையில் இடம் காலியாகிறதற்குள் அறிவிப்பே முடிந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை நாள் என்றால், அதுதான் வயிற்றெரிச்சல். ஆபீஸ் லேபில் சுவரோரம் மாட்டி வைத்திருப்பது எட்டு ஸ்பீக்கர். எட்டும் எப்போது அடித்தாலும் பேசும், ஏன் பேசாது. குப்பத்திலிருந்து புகார் வந்தால் ஆள் போவான், ஏணி போட்டு ஏறுவான், அந்த ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் குரல் அனுப்பச் சொல்லுவான், அது கணீரென்று பேசும். தனியாகக் கேட்டால் எல்லாம் பேசுகிறது. சேர்த்துக் கேட்டால்தான் ஊமை. இந்தப் பயல்களுக்குச் சேர்த்துக் கேட்கவே தோன்றவில்லை. இறங்கி வந்து ரிப்போர்ட்டில் எழுதுவான், உப்புக் காற்று. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் உப்புக் காற்று. ஸ்பீக்கரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், துருப்பிடிக்காத திருகாணி வரவழைத்தார்கள். கடல் என்ன பாவம் பண்ணியது, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

பெருங்குடி வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தகரத்துக்கு மேலே ஒரு கிரேன் கொக்கி மட்டும் தெரிந்தது. டிரைவர் ஏகாம்பரம் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார், திறந்ததும் சிமென்ட் தூசியும் டீசலும் உள்ளே வந்து நாக்கில் உட்கார்ந்தன. இதுவும் ஒரு உப்பு. வைரம் அண்ணன் கேட்டால் சிரிக்கும், நீ மெட்ராஸ் காத்தக் குடிச்சிட்டு எங்க கடல் காத்தக் குத்தம் சொல்றியா என்று. அண்ணன் கோரைத்துறைக் குப்பத்திலேயே இருக்கிறது, இரண்டு பேர் பங்கில் ஒரு ஃபைபர் படகு, காலையில் போனால் வெயில் ஏறுவதற்குள் கரை. தங்கச்சி கம்பெனிப் பெட்டிதான் கோபுரத்தில் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதும் அண்ணன்தான், போன புயல் ஒத்திகையில் ஊர்ப் பஞ்சாயத்தில் தலைகுனிந்து நின்றதும் அண்ணன்தான். பக்கத்தில் மேலத்துறை. அவர்கள் ஸ்பீக்கர் பேசியது, இவர்கள் ஸ்பீக்கர் பேசவில்லை. அதற்கு முந்தைய ஒத்திகையில் இவர்களுடையது பேசியது, அவர்களுடையது பேசவில்லை, ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வேணும்னேதான் பண்றாங்க, காசு வாங்கிட்டு மேலத்துறைக்கு மட்டும் திறந்து விட்டுட்டாங்க என்று ஒருத்தன் சொல்ல, வலை காயப்போடுகிற மணல்திட்டு யாருக்கு என்கிற பழைய வம்பும் அதோடு சேர்ந்துகொள்ள, கைகலப்பு. அண்ணன் நடுவில் போய் நின்றதற்கு நெற்றியில் தையல். போனில் அண்ணன் அதையும் கிண்டலாகத்தான் சொன்னது, 'ஒன் பொட்டி வாயத் தொறக்காததுக்கு எனக்கு மண்டை தொறந்துருச்சி தாமர' என்று. அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்காமல் நிரலைப் படித்தாள். வழி தெரியாத குரல் எங்கே நிற்கிறது, யார் நிறுத்துகிறார்கள், யார் தள்ளுகிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகக் கையைப் பிடித்துக்கொண்டு போவதுபோலப் போய், அந்தப் பத்தில் வந்து முட்டினாள். முட்டினதும் அவளுக்கு ஞாபகம் வந்தது நிரல் சம்பந்தப்பட்டது எதுவுமே இல்லை. மினி பஸ் ஞாபகம் வந்தது.

கோரைத்துறை விலக்கில் நிற்கும் அந்த மினி பஸ். அம்மா அப்போது மீன் கூடை தூக்கி டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூடைக்காரிகள் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று கண்டக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தான். யார் போட்டது அந்தச் சட்டம், அவனே போட்டதுதான். ஏறிய ஆறு பேரை விரல் நீட்டி எண்ணிவிட்டு விசில் அடிப்பான். பின்னால் நாலு சீட் காலியாகக் கிடக்கும், கண்ணாடி வழியாகவே தெரியும், செந்தாமரை எக்கிப் பார்த்திருக்கிறாள். எண்ணெய்ச் சிக்கு பிடித்த பச்சை ரெக்ஸின், ஒன்றில் பஞ்சு வெளியே வந்திருக்கும். அம்மா படியைப் பிடித்துக்கொண்டே கேட்பாள், 'எடம் இருக்கா இல்லியான்னு பாத்துச் சொல்லுய்யா, ஆள எண்ணிச் சொல்லாத.' அவன் இறங்கச் சொல்லமாட்டான், ஏறச் சொல்லவும் மாட்டான், அவளைப் பார்க்கவே மாட்டான். விசில் மட்டும். அடுத்த பஸ்ஸுக்குள் ஐஸ் கரைந்து கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகி அம்மாவின் பிடரி வழியாக ரவிக்கைக்குள் இறங்கும், அன்றைய சரக்கு பாதி விலை. அம்மா ஒருநாளும் அழவில்லை, கெட்ட வார்த்தையில் திட்டுவாள், நன்றாகத் திட்டுவாள், ரோட்டில் போகிறவன் நின்று கேட்கிற மாதிரி. திட்டிவிட்டு அடுத்த நாளும் அதே படியைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பாள். அம்மாவின் அந்தக் கேள்வியைத்தான் செந்தாமரை நிரலாக எழுதியிருக்கிறாள், வேறொன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. தலையை எண்ணாதே, இடத்தைப் பார். வழி கேட்கப் போகிற குழாய்க்கு ஏற்கெனவே ஒரு கொள்ளளவு இருக்கிறது, பெட்டியின் நினைவகத்தைப் பொறுத்து. அது நிரம்பினால் அதுவே நிறுத்திக்கொள்ளும். அதற்கு முன்னால் இன்னொரு பூட்டு எதற்கு. பூட்டைக் கழற்றிவிட்டாள். இதைச் சொன்னால் பத்மநாபன் சார் கண்ணாடியைத் துடைப்பார். ஏத்தலாம்மா, எடுக்கக்கூடாது. அது அவர் பாடம். எண்ணை ஏற்றுவதற்கு அந்த ஆபீஸில் யாரும் பயப்படமாட்டார்கள், எடுப்பது என்றால் கை நடுங்கும். அறுபத்தி நாலுன்னு வெச்சுக்கோங்க, குப்பம் நாப்பத்தொண்ணுதானே, தாராளம். தாராளமாம். இன்றைக்கு வானிலைக் குரல் மட்டும். கார்த்திகைக்குள் துறைமுகக் குரலும் சேரப்போகிறது, நாற்பத்தொன்று இரண்டானால் எண்பத்திரண்டு. அப்போது அறுபத்தைந்தாவதாக நிற்கப்போவது யாருடைய அம்மா.

இப்படி நினைத்தபோது ஒரு தெம்பு எழுந்தது, எழுந்த வேகத்திலேயே இன்னொன்று வந்து அதன் காலை வாரிவிட்டது. அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால். எவனாவது கெட்ட எண்ணம் பிடித்தவன் ஆயிரக்கணக்கில் பொய்க் குரல்களை அனுப்பினால். பத்து என்று இருந்தவரைக்கும் பெட்டி பிழைத்துக் கிடந்தது, ஊமையாகவாவது உயிரோடு கிடந்தது. இவள் கதவைத் திறந்துவிட்டு, எல்லாம் உள்ளே வந்து, பெட்டியே மூச்சடைத்துச் செத்துவிட்டால் அப்புறம் பத்துக் குப்பத்துக்குக்கூடக் குரல் போகாது. நாற்பத்தொன்றும் ஊமை. அண்ணன் கடலுக்குள் இருக்கும், அலை எழும்பி வரும், கரையில் ஸ்பீக்கர்க் கம்பம் கம்மென்று நிற்கும். சோதித்துப் பார்த்தாள்தான். தன் மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, பொய்க் குரலைக் கக்குகிற நிரலை எழுதி, அள்ளி அள்ளிக் கொட்டினாள். பெட்டி திணறியது, சூடானது, குழாய் நிரம்பியது, நிரம்பினதும் புதிதாக வந்ததை நிறுத்தியது, விழவில்லை. கொட்டுவதை நிறுத்தினதும் மூச்சு வாங்கிக்கொண்டு பழையபடி வேலை பார்த்தது. ஒரு பெட்டி. மேஜைமேல். ஏசி ரூமில். சீ, இதென்ன, நானும் ஏணி போட்டு ஏறி ஒரே ஒரு ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கின கதைதானே. இந்த எண்ணம் வந்ததும் செந்தாமரைக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. நேற்று ஜோஸ்பினிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னதெல்லாம் காதுக்குள் திரும்பக் கேட்டது. எடுத்துவிடலாமா. அறுபத்தி நாலு என்று மாற்றிப் போட்டால் இந்த ஐப்பசியாவது தாண்டும். இன்றைக்கு உள்ளே போனால்தான் வெள்ளிக்கிழமை பெட்டிகளில் ஏறும், தவறினால் அடுத்தது பொங்கலுக்கு அப்புறம்தான், நடுவில் ஐப்பசியும் கார்த்திகையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. தாண்டட்டுமே. அறுபத்தி நாலு. யாருக்கும் வம்பில்லை. நினைத்துப் பார்க்கும்போதே உடம்பு லேசானது, அந்த லேசுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கண்டக்டரும் இப்படித்தான் லேசாக இருந்திருப்பான். சரி, பயப்படு, பயப்படுவதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, பயத்தை வைத்துக்கொண்டே உட்கார். பயம் இருந்தால் இன்னும் நாலு பெட்டியை அடுக்கிவைத்துக் கொட்டிப் பார், வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது, விழுந்தால் விழுந்தது என்று நீயே எழுது. பயம் என்பதற்காக எண்ணைத் திரும்ப வைக்காதே. எடுக்க மாட்டேன். இந்தத் தடவை வாய்க்கு வெளியே வந்துவிட்டது, ஏகாம்பரம் கண்ணாடியில் பார்த்தார். 'ஜன்னலச் சாத்தவாம்மா' என்று கேட்டார். 'இல்லண்ணே, இருக்கட்டும்' என்றாள்.

துரைப்பாக்கத்தில் வேன் நின்றபோது ஏறியது சாட்சாத் பத்மநாபன் சார். வழக்கமாகத் தன் காரில் வருகிறவர், கார் சர்வீஸில் என்று ஏகாம்பரத்திடம் சொல்லிக்கொண்டே உள்ளே குனிந்தார். காலியாக இருந்தது செந்தாமரைக்குப் பக்கத்து சீட் மட்டும். எங்கே போனாலும் விதி இடம் பிடித்து வைத்துவிடுகிறது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணாடியைக் கழற்றினார். வந்துவிட்டது. 'மெசேஜ் பாத்தீங்களாம்மா.' 'பாத்தேன் சார்.' 'பன்னண்டு மணி.' 'தெரியும் சார்.' கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதான் கஷ்டம். அவள் பிள்ளைப்பேறு லீவில் இருந்தபோது அவள் வேலையைத் தானே பார்த்தவர், ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டாதவர். 'உங்க கணக்கு தப்புன்னு நான் சொல்லவே இல்ல. நிரல் சுத்தமா இருக்கு. ஆனா அந்தப் பத்து கூப்பிடாத விருந்தாளி மாதிரி எவ்வளவு காலமா உள்ள உக்காந்திருக்கு, அதை நம்பி வேற என்னென்ன இருக்கோ, யாருக்குத் தெரியும். அறுபத்தி நாலு போடுங்க. நானே சரின்னு போடுறேன்.' நாற்பத்தொன்று இரண்டானால் என்று ஆரம்பிக்கலாம், குழாயின் கொள்ளளவைச் சொல்லலாம், எல்லாம் போன வாரமே சொன்னதுதான், அவரும் தலையாட்டியதுதான். சொல்லியும் தீராததை எப்படிச் சொல்வது. அப்போது போன் அடித்தது. அண்ணன். இன்றைக்கு ஒத்திகை. மறந்தே போனாள், இல்லை, மறக்கவில்லை, நினைக்கப் பயந்து ஒதுக்கி வைத்திருந்தாள். பழைய பத்தோடு நடக்கிற ஒத்திகை.

எடுத்ததும் காற்று இரைந்தது. 'என்னா தாமர, ஆபீஸ் போயிட்டியா.' 'வேன்ல இருக்கேண்ணா. ஆரம்பிச்சிருச்சா.' 'ஆரம்பிச்சி முடியப் போவுது. நான் கம்பத்தடியிலதான் நிக்கிறேன், ஊரே நிக்கிது. நீயே கேளு.' அவள் என்ன நினைத்தாளோ, ஸ்பீக்கரை அழுத்திப் போனைத் தனக்கும் பத்மநாபன் சாருக்கும் நடுவில் பிடித்தாள். அலை கேட்டது. ஒரு நாய் குரைத்தது. யாரோ ஒருத்தி, சும்மா இருங்கடி கேப்போம் என்றாள். எல்லாவற்றுக்கும் பின்னால், ரொம்ப தூரத்தில், ஒரு ஆண்குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது, படகுகளை மேட்டுக்கு ஏற்றவும், படகுகளை மேட்டுக்கு. 'கேக்குதா. அது மேலத்துறைக்காரன் பொட்டி. நம்மது ஊமையாத்தான் நிக்கிது.' பத்மநாபன் சார் போனுக்குப் பக்கமாகக் குனிந்தார். 'ஸ்பீக்கர்ல ஏதாவது பழுது இருக்கும்ங்க. கடலோரம் இல்லையா, உப்புக் காத்து...' 'யாரு இது' என்றது அண்ணன். 'எங்க சார்ண்ணா' என்றாள். அண்ணன் குரல் உடனே மரியாதைக்கு மாறியது. 'வணக்கம் சார். போன மாசந்தான சார் புதுசு மாட்டிட்டுப் போனீங்க. மாட்டின பய தனியா ஒரு தடவ அடிச்சிக் காட்டுனான், சும்மா கணகணன்னு பேசுச்சி. மேலத்துறையில பேசுறதும் இதே காத்துலதான் சார் நிக்கிது, நடுவுல ஒரு மணத்திட்டுதான். காத்து ஆள் பாத்தா அடிக்கும்.' கொஞ்சம் நிறுத்திவிட்டு, 'நம்மாளுவ மறுபடி கெளம்புறானுவ சார், மேலத்துறைக்கிப் போயி கேக்குறேன்னு. நான் போயி மறிக்கணும், வெச்சிடுறேன். தாமர, சாப்டியா' என்றது. அவள் சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டது. நெற்றியில் தையல் பிரித்து இன்னும் வாரம் ஆகவில்லை.

பின்னால் ஜோஸ்பின் விழித்துக்கொண்டு சீட் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். காரப்பாக்கம் தாண்டி வண்டி வேகமெடுத்தது, இத்தனை நேரம் ஊர்ந்தது இப்போது பறந்தது, சோழிங்கநல்லூர் வந்துவிடும், ஆபீஸ் வந்துவிடும், லிப்ட் வந்துவிடும், அவருடைய கண்ணாடி அறை வந்துவிடும், அங்கே போனால் டீ வரும். இங்கேயே சொல்லிவிடவேண்டும். இங்கே என்றால் ஏகாம்பரம் கேட்பார், ஜோஸ்பின் கேட்பாள், கேட்கட்டும். 'சார்' என்றாள். அம்மா படியைப் பிடித்ததுபோல முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 'நான் எடுக்க மாட்டேன். அறுபத்தி நாலும் போட மாட்டேன். பயமா இருக்கு, இல்லன்னு சொல்லல. இன்னிக்கே நாலு பெட்டியச் சேத்து வெச்சுக் கொட்டிப் பாக்குறேன், விழுந்துச்சுன்னா நானே வந்து சொல்றேன். ஆனா அதுவரைக்கும் அது அங்கயே நிக்கும். வேண்டாம்னா நீங்க வேண்டாம்னு எழுதுங்க சார். உங்க பேர்ல எழுதுங்க.'

பத்மநாபன் சார் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்தார். அவர் பெயரில் இதுவரை ஒரு வேண்டாம்கூட எங்கேயும் இல்லை என்பது வேனில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'எனக்குப் பன்னண்டு வரைக்கும் மீட்டிங் இருக்கு' என்றார். 'மெயிலே பாக்கப் போறதில்ல. நான் பாக்கறதுக்குள்ள அது தானா உள்ள போயிருந்தா, போயிட்டுப் போகுது.'

அப்பாடா என்றுதான் இருந்திருக்கவேண்டும். ஜோஸ்பின் பின்னாலிருந்து அவள் தோளைக்கூடத் தட்டினாள். ஜெயித்தாயிற்று, விடு, இறங்கு, போய் வேலையைப் பார். ஆனால் செந்தாமரைக்கு அந்தப் பச்சை ரெக்ஸின் சீட் ஞாபகம் வந்தது, அதிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த பஞ்சு ஞாபகம் வந்தது, கண்டக்டர் அம்மாவை ஏறு என்றும் சொல்லாமல் இறங்கு என்றும் சொல்லாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு விசில் அடித்தது ஞாபகம் வந்தது. 'இல்ல சார்' என்றாள். 'பாத்துட்டு விடுங்க. பாக்காம விட்டா அதுவும் உப்புக் காத்துதான்.'

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். ஏகாம்பரமும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், வேகத்தைக் குறைத்தார். பத்மநாபன் சார் பையின் ஜிப்பை இழுத்தார். லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, போனிலிருந்து இணைப்புக் கொடுத்து, அவளுடைய மாற்றத்தைத் திறந்தார். சிவப்பில் ஒரு வரி, அவள் நீக்கியது. அதன் பக்கத்தில் அந்தப் பழைய குறிப்பு. இப்போதைக்கு இது போதும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'யாரு எழுதினது இது.' 'தெரியல சார். பேர் இல்ல.' 'ம்' என்றார். பிறகு கீழே இறங்கி, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து. வேன் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று, கிளம்பி, நாவலூரைத் தாண்டி, ஆபீஸ் வாசலில் வந்து நின்றுவிட்டது. மற்றவர்கள் இறங்கிப்போனார்கள். ஏகாம்பரம் என்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஒரு இடத்தில் சார் நிறுத்தி, 'குழாய் நெரம்பினா எங்க எழுதி வெக்கும்' என்று கேட்டார். அவள் அந்த வரியைக் காட்டினாள். இனிமேல் எதைக் கீழே போட்டாலும் போட்டேன் என்று எழுதி வைக்கும். அதைச் சேர்த்தது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

கடைசி வரிக்கு வந்ததும் அவர் தன் பெயரைச் சேர்த்துச் 'சரி' என்று அடித்தார். உடனே அனுப்பவில்லை, விரலை மேலேயே வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். 'நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இதுல நம்ம ரெண்டு பேர் பேரும் நிக்கும்மா.'

'நிக்கட்டும் சார்' என்றாள் செந்தாமரை.